மறுபடியும் தமிழ்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோசையின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டே என் மகள் ஓர் அறிவிப்பு செய்தாள். மறுபடியும் தமிழ் படிக்க ஆரம்பிக்கப் போகிறாளாம்.

நீங்களாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். நான் சந்தேகப்பட்டேன்.

'மறுபடியும்' என்ற வார்த்தையிடம் எனக்கு எப்போதுமே கொஞ்சம் எச்சரிக்கை உண்டு. என் கணவர் ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி வாக்கிங்கை மறுபடியும் ஆரம்பிப்பார். எங்கள் விஜயநகர் வீட்டு வாசலில் யாரோ ஒரு கான்ட்ராக்டர் குழி தோண்டிப் போட்டுவிட்டு, பணி மறுபடியும் தொடங்கியது என்று கன்னடத்தில் போர்டு வைத்திருக்கிறார். போர்டு இருக்கிறது, குழியும் இருக்கிறது. ஒருவர் 'ஆரம்பிக்கிறேன்' என்றால் வாழ்த்திவிட்டுப் போகலாம். 'மறுபடியும் ஆரம்பிக்கிறேன்' என்றால் கூடவே இரண்டு கேள்விகள் வருகின்றன... அன்றைக்கு ஏன் நிறுத்தினாய்? இன்றைக்கு அப்படி என்ன வந்துவிட்டது?

முதல் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அவளுக்கு இருபத்தைந்து வயது. பிறந்ததிலிருந்து மைசூர்தான். பள்ளியில் கன்னடம், தெருவில் கன்னடம், தூக்கத்தில் உளறினாலும் கன்னடம். நாலாம் வகுப்பு வரை சாயங்காலங்களில் நானே பக்கத்தில் உட்கார்ந்து தமிழ் சொல்லிக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். திடீரென்று ஒரு நாள் நோட்டை மூடி, இனிமேல் வேண்டாம் என்றாள். கெஞ்சினேன், திட்டினேன், சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். அசைந்து கொடுக்கவில்லை. வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளைகள் தமிழை இழக்கும் சோகத்தைப் பற்றி நான் பத்தி எழுதும் இந்தப் பக்கத்திலேயே உருகி உருகி எழுதினேன். நீங்களும் ஆறுதல் சொல்லிக் கடிதம் போட்டீர்கள்.

ஆகவே, என் சந்தேகமெல்லாம் இரண்டாவது கேள்வி மேல்தான். இந்த வயதில் ஒரு பெண்ணுக்குத் திடீரென்று தமிழ் எதற்கு? பையன்... வேறென்ன? அவள் வேலை பார்ப்பது இங்கே ஹெப்பாளில், பெரிய ஐ.டி. வளாகத்தில். கம்பெனி பஸ்ஸில் சென்னைக்காரன், மதுரைக்காரன் என்று எத்தனை பேர் வருகிறார்களோ!

நேராகவே கேட்டேன். "சும்னே மா" என்றாள். கன்னடத்துச் சும்மா. சும்மா என்று சொல்பவர்கள் என்றைக்குச் சும்மா இருந்திருக்கிறார்கள்?

கணவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, பையனாகவே இருந்தாலும் தமிழ்ப் பையன்தானே, உனக்குப் பேச்சுத் துணை ஆச்சு என்றார். இவரிடம் போய்ச் சொன்னேன் பாருங்கள்.

கண்காணிப்பில் இறங்கினேன். ஆபீஸிலிருந்து வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் உள்ளே போனால் நோட்டு மூடிக்கொள்கிறது. ஒரு புதன்கிழமை அவள் பஸ் ஏறியதும், தூசி தட்டலாம் என்று அவள் அறைக்குள் போனேன். தூசி தட்டத்தான் போனேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தலையணைக்கு அடியில் அந்த நோட்டு.

நாலாம் வகுப்பில் விட்ட அதே கோணல் எழுத்து. பக்கம் முழுக்க இரண்டே வார்த்தைகள், வரிசை வரிசையாக... என் மகள். என் மகள். என் மகள்.

கண் கலங்கிவிட்டது. ஒரு நிமிஷம்தான். இவள் எதற்கு 'என் மகள்' என்று எழுதிப் பழக வேண்டும்?

நோட்டுக்குக் கீழே ஒரு பழுப்பு ஃபைல். வெளிவந்த என் பத்திகளைக் கத்தரித்து ஒட்டி வைக்கும் ஃபைல். என் அலமாரியில் இருக்க வேண்டியது. புரட்டினேன். எங்கெல்லாம் 'என் மகள்' என்று வருகிறதோ அங்கெல்லாம் பென்சிலால் அடிக்கோடு. வேகமாக வாசிக்க வராத பெண், அந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் அடையாளம் பழகிக்கொண்டு, இத்தனை வருஷத்துப் பத்திகளிலும் தன்னைத் தேடியிருக்கிறாள்.

அடிக்கோடு இல்லாத பக்கங்கள் குறைவாகத்தான் இருந்தன. அவள் அழுதது, பயந்தது, தோற்றது... எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஒன்றைக்கூட அவளைக் கேட்டு எழுதவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? அவளுக்குத்தான் தமிழ் படிக்கத் தெரியாதே! பத்தி எழுதும் அம்மாவுக்கு இதைவிட வசதியான மகள் கிடைப்பாளா? ஊருக்குத் தெரிய அந்தத் தமிழுக்காக அழுதேன். உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் வந்தவளுக்குக் காபி கொடுத்துவிட்டு, ஃபைலை மேஜை மேல் வைத்தேன். அவள் அறையைக் குடைந்ததையும் ஒப்புக்கொண்டேன். பையனைப் பற்றிக் கேட்கவில்லை. பதில் தெரியும் என்று நான் நினைத்திருந்த அந்த முதல் கேள்வியைத்தான் கேட்டேன்.

"அன்னிக்கு ஏன்டி நிறுத்தின?"

காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "உன்னோடது ஒண்ணு படிச்சேன்மா. எழுத்துக் கூட்டிக் கூட்டி, முழுசா. என்னப் பத்தி இருந்துச்சு. இனிமே படிக்கத் தெரியாம இருந்தாலே நல்லதுன்னு தோணிச்சு."

அது எந்தப் பத்தி என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒன்பது வயதுக் குழந்தை யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைக்கும் ஒரு விஷயம். இங்கே மறுபடியும் சொல்ல மாட்டேன். உங்களில் யாருக்காவது நினைவிருந்தால், தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

இப்போது எதற்கு என்று கேட்டேன். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த சேலத்துப் பெண் ஒருத்தி, இவள் யார் மகள் என்று தெரிந்ததும், 'அந்தப் பொண்ணு நீதானா' என்று விழுந்து விழுந்து சிரித்தாளாம்.

"எல்லாரும் என்னைப் படிச்சிருக்காங்க. நான் ஒருத்திதான் படிக்கல, அல்வா?" கன்னடத்து 'இல்லையா'.

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டேன். முதலில் எல்லாவற்றையும் படித்து முடிக்கிறேன், அப்புறம் பார்க்கலாம் என்றாள்.

படித்துக்கொண்டிருக்கிறாள். நடுவில் வந்து ஏதாவது வார்த்தைக்கு அர்த்தம் கேட்கிறாள். நான் அர்த்தத்தைச் சொல்வதற்கு முன்னால், எந்தப் பத்தி என்று எட்டிப் பார்க்கிறேன்.

ஒரு நிபந்தனை மட்டும் உடனே அமலுக்கு வந்துவிட்டது. அவள் வரும் எதையும் அவள் படித்த பிறகுதான் அனுப்ப வேண்டும். இதையும் கொடுத்தேன். வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் படித்தாள். ஒரு இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. முடித்துவிட்டுப் பென்சிலை எடுத்து, நடுவில் ஒரு பாராவை முழுசாக அடித்துவிட்டுக் கொடுத்தாள்.

இருந்ததிலேயே வேடிக்கையான பாரா அதுதான். உங்களுக்குக் கிடையாது.