‘மீட்டு’வுக்குக் கொம்பு கிடையாது

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மணிமொழியின் புருஷன் செத்துப்போவான். ஒன்பது வருஷமாக அப்படித்தான் நடந்துவந்தது.

சாவதற்கென்று ஓர் இடம் வைத்திருந்தான். கீழ்பென்னாத்தூரைத் தாண்டிப் பாலையேந்தல் என்கிற சிற்றூரில், ஆராயி என்பவளின் மல்லாட்டைக் கொல்லை ஓரம். மல்லாட்டை என்றால் நிலக்கடலை. அங்கே இடுப்பளவு உயரத்துக்கு ஒரு நடுகல் நிற்கிறது. ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள், மார்பில் மூன்று அம்பு, காலடியில் இரண்டு மாடு. ஊர்க்காரர்களுக்கு அந்தக் கல்லில் இருப்பவன் வேடியப்பன். ஆடிக்கு ஆடி பொங்கல் வைத்துச் சேவல் அறுப்பார்கள். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாட்டுச் சண்டையில் விழுந்தவன் அவன். அவன் விழுந்த மாதிரியே விழுந்து காட்டுவதுதான் மணிமொழியின் புருஷன் தசரதனின் பொழுதுபோக்கு.

சிலர் ஞாயிற்றுக்கிழமையில் ஏரிக்குப் போய்த் தூண்டில் போடுகிறார்கள், சிலர் சீட்டாடுகிறார்கள். அதைவிட இது ஒசத்தி என்று மணிமொழி ஒருநாளும் நினைத்ததில்லை. செத்துப்போன ஒருத்தனைத் திரும்பத் திரும்பச் சாகடிப்பதில் அவனுக்கு என்ன லாபம், நமக்கு என்ன லாபம் என்று யோசித்திருக்கிறாள். விடை கிடைத்ததில்லை. ஆனாலும் ஒரு மாதம்கூடப் போகாமல் இருந்ததில்லை.

தசரதன் வேங்கிக்காலில் ஒரு அரசாங்க ஆபீஸில் பதிவறையைப் பார்த்துக்கொள்பவன். நாள் முழுக்கப் பழைய கட்டுகளை எடுத்துக் கொடுப்பான், திரும்ப வாங்கி அடுக்குவான். பேச்சுக்கு அங்கே வேலை இல்லை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவன் வீட்டில் பேசியதை எல்லாம் கூட்டிப் பிடித்தால் ஒரு கைக்குள் அடங்கும். ‘சாவி எங்க?’ ‘கரண்டு போச்சா?’ ‘தோசை போதும்.’ கெட்டவன் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. பேச்சு மட்டும் கிடையாது. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு, அந்த வீட்டில் மணிமொழியின் தையல் மெஷின்தான் அதிகம் பேசியது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அவர்கள் தெருவில் ஜாக்கெட் தைக்க அவளை விட்டால் ஆள் இல்லை.

பழைய எழுத்துப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பு ஒன்றுக்கு ஒரு கோடையில் தசரதன் போய்வந்தான். வந்தவன் சும்மா இருக்கவில்லை. படித்தால் போதாது, கட்டிப் பார்த்து, நடந்து பார்த்து, விழுந்து பார்த்தால்தான் புரியும் என்றான். மூங்கிலில் வில் செய்தான். கொல்லனிடம் சொல்லி வாள் அடித்து வாங்கினான். மணிமொழியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டான். அதற்கு ஒரே ஒரு விதி: கல்லில் இல்லாததைச் செய்யக் கூடாது.

அந்த விதியால் அவள் பட்டது கொஞ்சமா? தையல் போட்ட துணி கூடாது என்றான்.

“அந்தக் காலத்துல ஜாக்கெட் ஏது?”

“அந்தக் காலத்துல ஆராயி வூட்டுப் பசங்க வரப்புல குந்திக்கினு பாத்துக்கினு இருந்தானுங்களா? ஜாக்கெட் தெக்கிறவ நானு. எனக்கே ஜாக்கெட் இல்லன்னா எப்படி?” என்று அவள் சண்டை பிடித்தாள். கடைசியில் சாயம் போட்ட முரட்டுத் துணியை மார்பைச் சுற்றித் தோளில் முடிந்துகொள்வதென்று முடிவானது. அவனோ கண்ணாடியைக் கழற்றி வைத்தான். கிட்டப்பார்வைக்காரன், கண்ணாடி இல்லாவிட்டால் பத்தடியில் நிற்பது மாடா மரமா என்று தெரியாது. ஒருமுறை எதிரியைத் துரத்தி ஓடிச் சாணியில் வழுக்கி, சாக வேண்டிய நேரத்துக்கு முன்பே விழுந்தான்.

இன்னொரு முறை மழை பிடித்துக்கொண்டதால் வேஷத்தைக் கலைக்காமல் ஸ்கூட்டரில் கிரிவலப் பாதை வழியாகத் திரும்பினார்கள். அன்று பௌர்ணமி என்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். வண்டி கூட்டத்தில் நின்றதும், ஆந்திராவிலிருந்து வந்த ஒரு அம்மாள் “ஸ்வாமி” என்று தசரதனின் காலைத் தொட்டு, அவன் மடியில் இரண்டு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனாள். அவன் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தான். மணிமொழி பழத்தை உரித்து அந்த வாயில் வைத்தாள்.

இதையெல்லாம் அவள் ஏன் பொறுத்துப் போனாள் என்றால், இரண்டாம் வருஷத்தில் நடந்த ஒன்றுக்காக.

கல்லின் கீழ்ப்பகுதியில் மூன்று வரி எழுத்து. கடைசி வரியின் நடுவில் ஊர்க்காரர்கள் மேடை கட்டியபோது சிமெண்ட் அப்பியிருந்தது. ‘இவ்வூர்த் தொறு’ என்று தெரிந்தது. தொறு என்றால் மாட்டு மந்தை. பிறகு சிமெண்ட். அதற்கப்புறம் ‘டு பட்டான்’. தசரதன் அதை ‘இவ்வூர்த் தொறு மீட்டுப் பட்டான்’ என்று நிரப்பிப் படித்தான். இந்த ஊர் மாடுகளைத் திருடர்களிடமிருந்து மீட்டு, அந்தச் சண்டையில் இறந்தவன். அப்படிப்பட்ட கல் நிறைய உண்டு; சந்தேகப்பட யாருக்கும் காரணம் இல்லை.

அந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சண்டைக்குக் கிளம்பும் கட்டத்தில், திடீரென்று நின்று திரும்பினான். கண்ணாடி இல்லாததால் அவள் முகம் இருக்கும் திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்துச் சொன்னான்:

“பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவேன். வரலன்னா கல்லுக்கு நீதான் தண்ணி ஊத்தணும். வேற யாரு ஊத்தினாலும் எனக்குத் தாகம் அடங்காது.”

மணிமொழி தோள் முடிச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். பேச்சு மாறட்டும் என்று, “இது கல்லுல இருக்குதா?” என்று கேட்டாள்.

“மீட்டுப் பட்டவன்னா இந்த ஊர்க்காரன். ஊர்க்காரன்னா வூடு இருக்கும். வூடுன்னா பொண்டாட்டி இருப்பா. அவகிட்ட சொல்லாம போவானா?”

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை அதைச் சொன்னான். அவன் விழுந்ததும் அவள் மண்குடத்துத் தண்ணீரைக் கல்லின் தலையில் ஊற்றுவாள். மற்ற இருபத்தொன்பது நாளும் ‘சாவி எங்க’தான். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு அந்த இருபத்தொன்பதையும் அவள் தள்ளினாள். அவளிடம்தான் சொல்கிறானா, செத்தவனின் பெண்டாட்டியிடம் சொல்கிறானா என்று அவள் கேட்டுப் பார்க்கவில்லை. சில கேள்விகளைக் கேட்காமல் இருப்பதும் ஒரு பிழைப்புதான்.

ஆராயிக்கு இது எதுவும் தெரியாது. ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே, “இன்னாடி, இந்த மாசமும் ஊட்டுக்காரன சாவடிக்க வந்துட்டியா? எத்தினி வாட்டிதான் தாலி அறுப்ப?” என்று சிரிப்பாள். தன்னுடைய இரண்டு மாடுகளையும் மந்தையாக நிற்க ஓட்டிவிடுவாள். இரண்டும் ஜெர்சி. விதிப்படி அது குற்றம். வேறு மாடு இல்லாததால் தசரதன் மன்னித்துவிட்டான்.

இந்த ஐப்பசி மழையில் மேடையில் விரிசல் விழுந்து, கல்லின் மேல் இருந்த சிமெண்ட் பாளமாகப் பெயர்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை போனபோது எழுத்து வெளியே தெரிந்தது, மண் அடைத்துக்கொண்டு. தசரதன் ஏற்கெனவே வேஷம் கட்டிவிட்டான். கண்ணாடி மோட்டார் கொட்டாயில் பைக்குள் இருந்தது. மைப்படி எடுக்கச் சொன்னான். ஈரத் தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை தோய்த்த துணிப் பந்தால் ஒற்றினால் எழுத்து வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் தாளில் இறங்கும். அந்த வேலை எப்போதும் அவளுடையது. துணியில் பழகிய கை, சுருக்கம் விழாது.

ஒற்றிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தினாள். ‘தொறு’வுக்கு அடுத்தாற்போல் ஒரு வளைவு சுழித்துக்கொண்டு நின்றது. ஒன்பது வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து அவளுக்கும் கொஞ்சம் எழுத்து வந்திருந்தது. அது கொம்பு. எ, ஒ ஒலி வரும் எழுத்துக்கு முன்னால் போடுகிற கொம்பு.

‘மீட்டு’வுக்குக் கொம்பு கிடையாது.

மண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் அந்த வளைவு மூடிக்கொண்டிருக்கும். அல்லது தாளைக் கிழித்துவிட்டு ‘ஒட்டல’ என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கோ கண் தெரியாது. இதெல்லாம் பிற்பாடு வீட்டில் கத்தரிக்காய் நறுக்கும்போது அவளுக்குத் தோன்றியவை. அந்த நேரத்தில் தோன்றியது ஒன்றுதான்: அவனுக்கு முன்னால் தான் ஒரு எழுத்தைப் படித்துவிட்டோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அந்தப் பெருமையில் வாய் முந்திக்கொண்டது.

“ஏங்க, இங்க பாருங்க. இதுல கொம்பு இருக்குது.”

தசரதன் வேஷத்தோடு ஓடிப்போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தான். ஒன்பதாம் நூற்றாண்டில் அதுதான் முதல் கண்ணாடி. மண்டியிட்டு விரலால் தடவினான். கொம்பு, க, கால், ண், டு.

“கொண்டு,” என்றான். “தொறுக் கொண்டு பட்டான். மணி! மாட்ட மீட்டவன் இல்ல இவன். ஓட்டிக்கினு போவ வந்தவன். வெளியூரான். வந்த எடத்துல அடிபட்டு வுழுந்திருக்கான். அவன் ஆளுங்க பின்னால வந்து கல்லு நட்டிருப்பாங்க.”

அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் பெண் பிறந்தபோதுகூடப் பார்த்ததில்லை. அன்று சண்டையும் நடக்கவில்லை, சாவும் நடக்கவில்லை. வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான். மாவட்ட வரலாற்று ஆர்வலர் வட்டத்தின் மாத மடலுக்கு எழுத வேண்டும், உன் பேரையும் போடுவேன், கொம்பைக் கண்டுபிடிச்சது நீதானே என்றான். மணிமொழி பின்னால் உட்கார்ந்து, சுருட்டிய தாளை நனையாமல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது புது ஆட்டத்தைச் சொன்னான். எங்கிருந்து வருவான், எப்படிப் பதுங்குவான், எந்தப் பக்கம் விழுவான் என்று சாம்பாரில் விரலால் வரைந்தே காட்டினான். அவள் முடியும்வரை கேட்டாள்.

“நானு?”

“இன்னா?”

“நான் எங்க வர்றேன்?”

அவன் கை நின்றது. அதுவரை அவன் அதை யோசிக்கவே இல்லை என்பது தெரிந்தது.

“அதுல உனக்கு எடம் இல்லையே மணி. அவன் வெளியூரான்.”

“வெளியூரான்னா பொண்டாட்டி இருக்க மாட்டாளா? எந்தத் திருடன்தான் பிரமச்சாரியா திருடறான்?”

“இருப்பா. அவ ஊர்ல இருப்பா. இந்தக் கல்லுகிட்ட இல்ல.”

“வூட்ல சொல்லிட்டுத்தானே கெளம்பியிருப்பான்?”

“அது கல்லுல இல்ல.”

“இத்தினி வருஷம் சொன்னது?”

தசரதன் நேர்மையானவன், அதுதான் அவனிடம் இருந்த கஷ்டம். சாம்பார் விரலைத் தட்டில் வழித்துக்கொண்டே சொன்னான். “அது தப்பா படிச்சதுல வந்ததும்மா. இனிமே சொல்லக் கூடாது.”

பிறகு, “ரசம் இருக்கா?” என்றான்.

அடுத்த மாதம் போனார்கள். மணிமொழி சாதாரணப் புடவையில், ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்தாள். செல்போனில் படம் பிடிப்பது அவள் வேலை என்று தீர்மானமாகியிருந்தது. மண்குடத்தையும் பழக்கதோஷத்தில் எடுத்து வந்துவிட்டாள், தண்ணீரோடு.

கல்லில் ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது. மாடுகளைக் காணோம். ஆராயி வரப்பில் நின்றாள், சிரிப்பு இல்லை. தசரதன் மடலில் எழுதியது போன் போனாகச் சுற்றி அவள் வீட்டுக்கும் வந்துவிட்டிருந்தது.

“எங்க ஊரு மாட்டத் திருட வந்த நாயிக்கா நான் வருஷா வருஷம் சேவல் அறுத்தேன்?” என்றாள். “எம் மாமியா அறுத்தா, அவ மாமியா அறுத்தா. நல்லா இருங்கடி. படிச்சவங்க.”

“ஆயா, அது வந்து, திருடுன்னா அந்தக் காலத்துல…” என்று தசரதன் ஆரம்பித்தான்.

“தே, நீ சாவறதுன்னா சாவு. மாடு அனுப்ப மாட்டேன். ஆட்ட அவுக்காத, புதுசா ஈன்ன ஆடு.”

ஆகவே மந்தை இல்லாமலே திருடன் வந்தான். வேலி ஓரமாகப் பதுங்கினான், எழுந்தான், இல்லாத மாட்டை ஓட்டினான். மணிமொழி போனைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். கிளம்பும் கட்டம் என்று ஒன்று இப்போது இல்லை. அவன் எங்கிருந்தோ வந்தவன். இருந்தாலும் அவன் வழக்கமாக நின்று திரும்பும் இடம் வந்தபோது அவள் கால் தானாக நின்றது. படம் ஆடியது. அவன் நிற்காமல் தாண்டிப் போனான்.

அம்பு பட்டு விழுந்தான். நல்ல விழுகைதான், முழங்காலும் தோளும் முறைப்படி தரையைத் தொட்டன. யாரும் வரவில்லை, யாரும் ஊற்றவில்லை. அவன் சொல்லியிருந்தபடி முழுதாக ஒரு நிமிஷம் அவள் படம் பிடித்தாள். ஆடு கழுத்துக் கயிற்றை இழுத்து வந்து, வில்லை மோந்து பார்த்துவிட்டுப் போனது.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

“தண்ணி இருக்கா?”

குடத்தை நீட்டினாள். தூக்கி மளமளவென்று குடித்தான். பாதி கழுத்தில் வழிந்து, மார்பில் ஒட்டியிருந்த அம்புகளில் ஒன்று நழுவியது. மிச்சத்தை அவளிடம் கொடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

“எப்படி இருந்துச்சு?”

“சரியா இருந்துச்சு,” என்றாள். அது உண்மைதான். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக எல்லாம் சரியாக இருந்தது.

குடத்தில் மிஞ்சிய தண்ணீரை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நின்றாள். கல்லைப் பார்த்தாள். பிறகு ஒரு மல்லாட்டைச் செடியின் அடியில் சாய்த்துவிட்டு, குடத்தைக் கவிழ்த்துப் பையில் வைத்தாள்.

தசரதன் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சாவி எங்க?” என்றான்.