ஹவ் சொன்ன பிறகுதான் பதில்

ஆட்டோ ரயில்வே கேட்டில் நின்றபோதுதான் அது எனக்குத் தோன்றியது. பக்கத்தில் பத்தாவது படிக்கும் என் தங்கை, மடியில் அவள் வாங்கிய கோப்பை. போலாரத்தில் அவள் படிக்கும் பள்ளியில், நானும் படித்த அதே பள்ளியில், அன்று விவாதப் போட்டி. வகுப்புக்குள் போன் கொண்டுவரலாமா கூடாதா என்பது தலைப்பு. தங்கை ‘கூடாது’ கட்சி. அவளுக்கு முன்னால் பேசிய பையன் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னான்: வீட்டுப்பாடத்தை ஆசிரியர்களே போன் குழுவில்தான் போடுகிறார்கள், அப்புறம் போன் கூடாது என்றால் எப்படி? நல்ல கேள்வி. இவள் என்ன சொல்லப்போகிறாள் என்று நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

இவள் எழுந்து கணீரென்று ஆரம்பித்தாள்: “போன் இருந்தால்தான் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்று என் நண்பர் சொன்னார். அது தவறு!”

அந்தப் பையன் திருதிருவென்று விழித்தான். “அரே, நான் எப்போ சொன்னேன்?” என்று பக்கத்திலிருந்தவனைக் கேட்டது மூன்றாவது வரிசையில் இருந்த எனக்கே கேட்டது. நடுவர்களுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. தங்கைக்கு இரண்டாம் பரிசு.

“அவன் பாதுகாப்பப் பத்திப் பேசவே இல்லியேடி” என்றேன் ஆட்டோவில்.

“ஹவ்” என்றாள், எங்கள் ஊர் உருதுப் பேச்சில் ‘ஆமாம்’. “ஆனா பேசியிருக்கணும் இல்ல? மிஸ் எழுதிக் குடுத்ததுல அதான் இருந்துச்சு.”

பேச்சை எழுதி மனப்பாடம் செய்வது புதிதல்ல, நானும் செய்திருக்கிறேன். மறுப்பையுமா? எதிராளி வாய் திறப்பதற்கு நாலு நாள் முன்பே? சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு ஆச்சரியம் வந்தது. பேசியவள் கேட்கவில்லை, நடுவர்கள் கேட்கவில்லை, கைதட்டியவர்களும் கேட்கவில்லை. நான் வேலை பார்ப்பது அமீர்பேட்டில், சாஃப்ட்வேர் சொல்லித்தரும் ஒரு பயிற்சி நிலையத்தில். அங்கேயும் இதே கதைதான். இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள், அதற்கு என்ன பதில், இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள் என்பார்கள் மாணவர்கள். கேட் திறக்கக் காத்திருந்த அந்த நேரத்தில் எனக்குள் ஒரு கேள்வி குறுகுறுத்தது. எதிராளி சொன்னதை முதலில் இவளே திருப்பிச் சொல்ல வேண்டும், “ஹவ், அதான் சொன்னேன்” என்று அவன் ஒப்புக்கொண்ட பிறகுதான் பதில் பேசலாம் என்று வைத்தால் என்ன ஆகும்?

விவாதக் குழுவைப் பார்த்துக்கொள்ளும் ஆங்கில ஆசிரியையிடம், இதைப் பிள்ளைகளோடு செய்து பார்க்கலாமா என்று கேட்டேன். சனிக்கிழமை மத்தியானங்களை எனக்குக் கொடுத்தார். சந்தோஷமாகவே கொடுத்தார், அவருக்குத் திருத்த வேண்டிய விடைத்தாள்கள் இருந்தன.

முதல் சனிக்கிழமை கலாட்டாதான். எந்த மொழியிலும் பேசலாம் என்றேன். தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ், நடுவில் என் தங்கையின் தமிழ். விதி ஒன்றுதான். சரியாகச் சொன்னால் ஹவ், இல்லையென்றால் நை. ஒரு குறும்புக்காரன் எதற்கெடுத்தாலும் “நை, நை” என்றே சொல்லி எதிராளியின் நேரத்தைத் தின்றுவிட்டான். “கைக்குடா நை? ஏன் நை? அதானே சொன்னே!” என்று வகுப்பே அவன்மீது பாய்ந்தது. உடனே விதியில் ஒரு திருத்தம்: நை என்றால் எது தப்பு என்பதையும் சொல்ல வேண்டும். அவன் யோசித்தான், நெளிந்தான், கடைசியில் ஹவ் சொன்னான். தான் சொன்னது என்ன என்று தனக்கே அப்போதுதான் தெரிந்தது போல ஒரு முகம் அவனுக்கு.

நான் எதிர்பார்க்காத ஒன்று மூன்றாம் வாரத்தில் நடந்தது. அடுத்தவன் சொன்னதைத் திருப்பிச் சொல்ல முடியாமல் திணறியவர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். “எல்லாருக்குமா, சில பேருக்கா?” “உனக்கு எப்படித் தெரியும்?” இதை நான் சொல்லித்தரவே இல்லை. தங்கையிடமும் ஒரு மாற்றம். மேடையில் கேட்ட கணீர்க் குரல் போய்விட்டது. காகிதம் இல்லாததால் நிறுத்தி நிறுத்தித்தான் பேசினாள். ஆனால் இப்போது பேசும்போது கூரையைப் பார்க்கவில்லை, எதிரில் இருப்பவரைப் பார்த்தாள்.

இதற்கிடையே வீட்டில் வேறொரு விவகாரம். பத்தாவது முடித்ததும் இரண்டு வருடம் இன்டர், அதாவது பிளஸ் டூ. கணக்கும் விஞ்ஞானமும் உள்ள எம்.பி.சி. எடுக்க வேண்டும், அதுவும் ஹாஸ்டலோடு உள்ள கல்லூரியில் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். திங்கட்கிழமை கல்லூரிக்குப் பதில் சொல்ல வேண்டும். தங்கைக்கு காமர்ஸ் வேண்டும், தினம் வீட்டுக்கு வர வேண்டும். இதை அவள் என்னிடம் அழுதுகொண்டு சொன்னாளே தவிர அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“நான் பேசட்டுமாடி?”

“நக்கோ அக்கா, வேணாம். நீ பேசுனா அது உன் பாயின்ட் ஆயிடும்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். சனத்நகரில் ஒரு இன்ஜினியரிங் ஒர்க்ஸில் லேத் பிரிவின் சூப்பர்வைசர் அவர். ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு. தங்கை படியில் போய் உட்கார்ந்தாள்.

“அப்பா, நீங்க ஏன் எம்.பி.சி. சொல்றீங்கன்னு நான் சொல்றேன். கரெக்டுன்னா ஹவ் சொல்லுங்க.”

“இன்னாடி இது, புது ஆட்டமா?”

“இன்ஜினியர் ஆனா நல்ல சம்பளம். அதானே?”

“நை” என்றார் அப்பா, துணியைப் பிழிந்துகொண்டே.

“வீட்ல இருந்தா போன் பாத்துனு படிக்க மாட்டேன்.”

“நை. அது உங்கம்மா சொல்றது.”

உள்ளேயிருந்து அம்மா, “நான் எப்பங்க சொன்னேன்?” என்றாள்.

நான் ஜன்னல் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு தங்கை கேட்டாள்: “காமர்ஸ் எடுத்தா என்ன ஆயிடும்னு நினைக்கிறீங்க?”

அப்பா துணியைக் கீழே வைத்தார். “பதினஞ்சு வயசுல உனக்கு ஒண்ணு புடிக்குது. நாளைக்கே வேற புடிச்சா? எம்.பி.சி. படிச்சவ பின்னால காமர்ஸுக்குப் போலாம். காமர்ஸ் படிச்சவ இங்க திரும்ப முடியாதும்மா.”

“அப்ப, எம்.பி.சி. நல்லதுன்னு இல்ல. அவசரப்பட்டு ஒரு வழிய அடைச்சிடக் கூடாது. அவ்ளோதானே?”

அப்பா அவளையே பார்த்தார். “ஹவ்” என்றார் மெதுவாக.

நான் ஜன்னலோரத்திலேயே குதித்தேன். ஆனால் அவள் அதோடு விடவில்லை. “சரி. அதுக்கும் ஹாஸ்டலுக்கும் என்ன சம்பந்தம்?”

அப்பா உள்ளே திரும்பிப் பார்த்தார். அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். “ஹாஸ்டல் நான் சொன்னதுதான். சாயங்கால பஸ்ல அந்தக் கூட்டத்துல நீ தொங்கினு வர்றத என்னால நினைச்சிப் பாக்க முடியல.”

எனக்குப் புல்லரித்தது. இத்தனை நாளும் ஒரே முடிவு என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தது இரண்டு பேருடைய இரண்டு கவலைகள்! கல்லூரி விளம்பரத்தில் எம்.பி.சி.யும் ஹாஸ்டலும் சேர்ந்தே வந்ததால் வீட்டிலும் சேர்ந்தே வந்துவிட்டன.

“இப்ப உன் பாயின்ட்ட நான் சொல்றேன்” என்றார் அப்பா, மடக்கிவிட்டவர் போல. “உனக்கு கணக்கு வராது.”

“நை. போன பரீட்சையில நான்தான் ஃபர்ஸ்ட்.”

“உன் ஃப்ரெண்டு எவளோ காமர்ஸ் எடுக்குறா.”

“நை.”

“ஹாஸ்டல் சாப்பாடு புடிக்காது.”

“நைப்பா!”

“அப்ப இன்னாதான்டி?” என்று அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தங்கையின் கண்ணும் கலங்கியது, ஆனால் எழுந்து ஓடவில்லை. “நான் உங்களக் கேட்டேன் இல்ல? நீங்களும் என்னக் கேளுங்க” என்றாள். அப்பா ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு எங்கோ போய்விட்டார். சாப்பாட்டு நேரத்தில்தான் வந்தார்.

திங்கட்கிழமை கல்லூரிக்கு போன் செய்தவர் இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று மட்டும் சொன்னார். புதன்கிழமை, வேலை நேரத்தில் எனக்கு போன் வந்தது. அப்பா அப்படிக் கூப்பிடுகிறவரே இல்லை. பின்னால் லேத் ஓடும் சத்தம். “இந்த காமர்ஸ்ல இன்னாதான் சொல்லிக் குடுக்கறாங்க?” என்றார். பதில் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கிவிட்டு, “அவளையே கேளுங்கப்பா” என்றேன்.

தோற்றாளா ஜெயித்தாளா என்று இன்னும் தெரியாது. ஹவ் வாங்கிவிட்டால் மட்டும் எதிரில் இருப்பவர் மனம் மாறுமா என்பதும் தெரியாது. அதைத்தான் இந்தச் சனிக்கிழமை பார்க்கப்போகிறோம். அப்பாவுக்கு அன்று அரை நாள் வேலை. சனத்நகரிலிருந்து நேராகப் பள்ளிக்கு வருகிறேன் என்றிருக்கிறார். இந்த முறை கட்சி மாறி, காமர்ஸுக்காக அப்பா பேசுவார், எம்.பி.சி.க்காகத் தங்கை பேசுவாள். எழுதிக்கொண்டு வரக் கூடாது. அம்மாவை நடுவராக உட்காரச் சொன்னேன். முடியாது என்றுவிட்டாள். அவளும் பேச வேண்டுமாம், ஹாஸ்டலுக்கு எதிராக.