கடல் குகையில் ஒரு தூக்கம்

நீங்க நம்ப மாட்டீங்கன்னு தெரிஞ்சேதானுங்க சொல்றேன். எங்க தெருவுல யாராச்சும் பேயைப் பார்த்தேன்னு வந்தா, "எந்த ஷிப்டுல?"ன்னு கேட்டுச் சிரிக்கறவ நான். பள்ளிபாளையத்துல எங்க ஊட்டுக்குப் பின்னால எட்டு விசைத்தறி பகலும் ராத்திரியும் தடதடன்னு ஓடுது. அந்தச் சத்தத்துல பேயே வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் எனக்குக் காது கேக்காது.

போன வருசம் தறிக்கு லீவு விட்டப்ப நான், எங்க ஊட்டுக்காரர், நாத்தனா சாந்தி, எங்க மூணு வயசுப் பொண்ணு, நாலு பேரும் கன்னியாகுமரிப் பக்கம் போனோம். அங்க ஒரு கடற்கரை, மணலை விடப் பாறைதான் அதிகம். ஒரு பெரிய பாறை கோயில் வாசல் மாதிரி வளைஞ்சு தண்ணிக்குள்ள கால் ஊனி நிக்குது. யாரும் கட்டலையாம், அலையே குடைஞ்சதாம். அந்த வளைவுக்குள்ள நுழைஞ்சு போனா ஒரு குகை. கரையில இருந்த டீக்கடைக்காரர், "நாலு மணிக்குள்ள வெளிய வந்திருங்க"ன்னார், நாங்க ஏதோ பூட்டற நேரம் போலன்னு தலையாட்டிட்டுப் போயிட்டோம். மேட்டூர்ல திறந்து விட்டாத்தான் தண்ணி ஏறும்னு நினைக்கற ஆளுங்க நாங்க, கடல் தானா ஏறும்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்?

பொண்ணை சாந்திகிட்ட மணல்ல விட்டுட்டு நாங்க ரெண்டு பேரும் கிளம்பினோம். பாசி வழுக்கி இவர் ரெண்டு தடவை உழுந்து, நான் சிரிச்சு, ஒருவழியா குகைக்குள்ள போனா அப்படி ஒரு குளுமை. வெளிய அலை மோதற சத்தம் உள்ள தடக் தடக்னு கேக்குது.

"ஏம் புள்ள, நம்ம ஊட்டுக்கே வந்துட்டாப்ல இருக்குது"ன்னார்.

நெசந்தானுங்க, அச்சு அசல் தறிச் சத்தம். ஒரு மேட்டுப் பாறையில சாஞ்சோம். ராத்திரி பூரா பஸ்ஸுல கண்ணு மூடாதவங்க, அந்தச் சத்தம் கேட்டதும் ரெண்டு பேரும் அசந்து தூங்கிட்டோம்.

தறிக்காரங்களுக்கு ஒரு பழக்கம். தறி ஓடற வரைக்கும் இடியே உழுந்தாலும் எந்திரிக்க மாட்டோம், சத்தம் நின்னா அடுத்த நொடி நூல் அறுந்துருச்சோன்னு எழுந்து உக்காந்துருவோம். அன்னிக்கு அந்தக் குகையில சத்தம் நின்னு போச்சுங்க. ரெண்டு பேரும் ஒரே சமயத்துல பதறி எந்திரிச்சோம். இவர் தூக்கக் கலக்கத்துல, "எந்தத் தறி?"ங்கறார்.

காலைக் கீழ வெச்சா முழங்கால் தண்ணி. அலை உள்ள வந்து சுவத்துல மோதறது கண்ணுக்குத் தெரியுது, ஆனா துளிச் சத்தமில்லை, டீவியில சத்தத்தை அடியோட நிறுத்தின மாதிரி. வந்த வழி பாதி மூழ்கிருச்சு. எனக்கு நீச்சலும் தெரியாது. பொண்ணு மூஞ்சிதான் கண்ணுல வந்துச்சு, அவளுக்கு அம்மா இல்லாமப் போயிருமேன்னு இவர் சட்டையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். இவர் துண்டுல என் கையையும் தன் கையையும் சேர்த்துக் கட்டி, "நம்ம தறித் துண்டு, அறுகாது, வா"ன்னு இழுத்தார்.

இடுப்பளவு தண்ணியில வளைவைத் தாண்டினதுந்தான் இரைச்சல் திரும்பக் காதுல வந்து அடிச்சுது.

கரையில சாந்தி அழுதுட்டு நிக்கறா. "எவ்வளவு நேரமா கத்தறேன் அண்ணி, இந்த இரைச்சல்ல என் குரலே எனக்குக் கேக்கலை"ன்னா.

"நடுவுல கொஞ்ச நேரம் சத்தம் நின்னுச்சில்ல?"ன்னு கேட்டேன்.

"கடல் எங்கியாச்சும் நிக்குமா?"ன்னு என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. நான் பொண்ணைக் கட்டிக்கிட்டு அழுதேன், அவ என்னடான்னா என் ஈரச் சேலையைப் பிழிஞ்சு விளையாடறா.

தண்ணி ஏறி வாசலைப் பாதி அடைச்சதால சத்தம் கேட்டிருக்காதுன்னு இவர் இன்னிக்கும் சொல்றார். இருக்கலாமுங்க. ஆனா தறியோட கிடக்கறவளுக்கு ஒண்ணு தெரியும். கரண்ட் போனா தறி கொஞ்சங்கொஞ்சமா அடங்கித்தான் நிக்கும். யாராச்சும் பக்கத்துல நின்னு கைப்பிடியைத் தள்ளினாத்தான் பட்டுனு நிக்கும். அன்னிக்கு அந்தக் கடல் சத்தம் பட்டுனு நின்னுதான் எங்களை எழுப்புச்சுங்க. குகைக்குள்ள இருந்தது நாங்க ரெண்டே பேரு, ரெண்டு பேருமே தூங்கிட்டுத்தான இருந்தோம்.