விக்கல் எடுத்த மணி

அவள் சிரிக்க ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டாள். மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் காயில் கட்டுவது தொழில். செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே தனக்குத்தானே சிரிக்கிற பெண்ணைக் கண்டு, முதல்முறை கடைக்கு வருகிறவர்கள் கொஞ்சம் தள்ளியே நிற்பார்கள். வேலை சுத்தம் என்பதால் மறுபடியும் வருவார்கள்.

கணவனின் அக்காவை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அண்ணிக்கு அடுத்த தெருப் பள்ளியில் மணியடிக்கிற வேலை. மணி இருப்பதோ மூன்றாவது மாடியில். கட்டடம் கட்டியவன் அண்ணியின் முழங்காலைக் கேட்டுக்கொண்டா கட்டினான்? அந்த முழங்காலில் அறுவை சிகிச்சை ஆன பிறகு, மாடிப்படிப் பக்கமே போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தானாக அடிக்கிற மணி வந்தால் அண்ணி கீழே வாசலிலேயே காவல் வேலை பார்க்கலாம். இல்லையென்றால் படியேறக்கூடிய வேறு ஆளைத்தான் போட வேண்டும் என்று தலைமையாசிரியை வருத்தத்தோடு சொன்னார். தனியாளாகப் பிழைக்கிற அண்ணிக்கு அந்த வேலைதான் எல்லாம்.

நான் செய்து தருகிறேன் என்று இவள் வாய் முந்திக்கொண்டது. அதைத் தானாக அடிக்க வைக்கிற சிப்புக்கு மைக்ரோகண்ட்ரோலர் என்று பெயர் என்பதையே அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டிருந்தாள்.

உதிரிபாகக் கடைக்காரர் பள்ளியின் நேரங்களைப் போட்டு, சிப்பும் கடிகாரத் துண்டும் ரிலேயும் வைத்த பலகை ஒன்றைத் தயார் செய்து, சர்க்யூட் படத்தையும் கையில் கொடுத்தார். மாட்டினால் வேலை செய்யும், மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். தனக்குப் புரியாத ஒன்றை மாட்டித் தருவதா? அவளுடைய வீம்பு விடவில்லை. சமையல்மேடையில் படத்தை விரித்து, ஒவ்வொரு கோட்டையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பால் பொங்கி வழிந்தது. ஒன்றும் விளங்கவில்லை.

விளங்கியது பல் தேய்க்கும்போது. நுரை வாயோடு ஓடிவந்து கணவனைப் பிடித்து உட்கார வைத்தாள். கடிகாரத் துண்டுக்கு நேரம் மட்டும்தான் தெரியும். சிப்பு அதனிடம் மணி என்ன, மணி என்ன என்று நச்சரித்துக்கொண்டே இருக்கிறது. எழுதிக் கொடுத்த நேரமும் கடிகாரம் சொல்கிற நேரமும் ஒத்துப்போனால் மணியடித்துவிட்டு, இந்த நேரத்துக்கு அடித்தாயிற்று என்று மனதில் வைத்துக்கொள்கிறது. ஆனால் அதற்குச் சொல்லத்தான் தெரியும், தெம்பு கிடையாது. பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடுவது ரிலே.

"நம்ம வீட்டுல நான் சிப்பு, நீங்க ரிலே" என்றாள்.

அவன் தலையாட்டினான். அதையே அவள் அத்தாட்சியாக எடுத்துக்கொண்டாள்.

அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்களே என்று மணிக்குப் பதிலாக ஒரு பல்பை மாட்டிச் சோதித்தாள். சொன்ன நேரத்துக்கு எரிந்தது, சொன்னபடி அணைந்தது. அன்று முழுக்க அவள் கால் தரையில் படவில்லை. பல்பு எரிகிற அழகைப் பார்க்கத் தெருவில் பாதிப் பேர் வந்து போனார்கள்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் மின்மணியை மேலே மாட்டி, பலகையை அதன் பக்கத்திலேயே வைத்தாள். நேரம் வந்ததும் மணி ட்ர்ர் என்றது. நின்றது. மறுபடி ட்ர்ர். நின்றது. மறுபடியும். விக்கல் எடுத்தவன் மாதிரி அது விடாமல் அடிக்க, எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடினார்கள். ஆசிரியர்கள் பின்னால் ஓடினார்கள். ஒரு நிமிடம் ஆனதும் விக்கல் தானாக நின்றது. அவளுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்துவிட்டது. படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே இறங்கியவள், கீழே நின்ற அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

"என் பொழப்பு போகப்போகுது. உனக்குச் சிரிப்பா இருக்கா?" என்றார் அண்ணி.

திங்கள்வரை பார்க்கலாம் என்றார் தலைமையாசிரியை. பலகையை மட்டும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பல்பை மாட்டினாள். அது சமத்தாக எரிந்து அணைந்தது. அதை அப்படியே சுவரில் வீசலாம் போல இருந்தது.

ஞாயிறு மதியம் மணியையே கழற்றிக்கொண்டு வந்து, போர்வையில் சுற்றிக் கட்டிலில் வைத்து மாட்டினாள். போர்வை விக்கியது. அப்போதுதான் பலகையைப் பார்த்தாள். சிப்பு கண்விழிக்கும்போது மட்டும் மினுக்குகிற சிறு விளக்கு, ஒவ்வொரு ட்ர்ருக்குப் பிறகும் மினுக்கியது. பல்புக்குள் காயில் இல்லை, மணிக்குள் இருக்கிறது. அது சுத்தியலை இழுத்து விடும்போதெல்லாம் முனைகளில் பொறி பறக்கும். அந்த அதிர்ச்சியில் சிப்பு மயங்கி விழுகிறது. எழுந்ததும் பழைய நினைவு இல்லை. மணி என்ன? அதே நிமிடம். அடடா, இன்னும் அடிக்கவில்லையே என்று அடிக்கிறது, மறுபடி விழுகிறது.

பிறந்ததிலிருந்து காயிலோடு குடித்தனம் நடத்துகிறவள் அவள். தெரியாததையெல்லாம் விழுந்து விழுந்து படித்துவிட்டு, தெரிந்த ஒன்றைத் திரும்பிப் பார்க்காமல் விட்டிருக்கிறாள். போர்வையைக் கட்டிக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் கணவன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான். பொறியை விழுங்க முனைகளுக்குக் குறுக்கே ஒரு கண்டென்சரும் ரெசிஸ்டரும் வைத்தாள். பலகைக்குத் தனி ஒயர் இழுப்பது, மணியை விட்டுத் தள்ளி வைப்பது என்றும் முடிவு செய்தாள். போர்வை ஒரே ஒரு முறை அடித்து அடங்கியது.

திங்கள் காலை அண்ணி கீழே மாடிப்படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். ஒரு கால் முதல் படியில் இருந்தது. புது மணி சொதப்பினால் ஏறிப் பழைய மணியை அடிப்பதற்கு. வேண்டாம் அண்ணி என்று இவள் கெஞ்சியும் கேட்கவில்லை.

மணி அடித்தது. நின்றது. வகுப்புகளுக்குள் பிள்ளைகள் போகும் சத்தம் கேட்டது. அந்த நிமிடம் கடக்கும்வரை இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். மேலே ஒரு சத்தமும் இல்லை.

அண்ணி படியிலிருந்து காலை மெல்ல எடுத்தார்.

"நான் உட்காரட்டுமாடி?" என்றார்.

எதற்கும் சிரிக்கிறவளுக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.