லூக்காஸின் இசைத்தட்டில் பத்தாவது பாட்டு

பாலையூற்றில் லூக்காஸைத் தெரியாதவர்கள் இல்லை. பகலில் துறைமுகத்தில் லோஞ்ச் படகு ஓட்டுவான். பின்னேரம் கித்தாரைத் தூக்கிக்கொண்டு கோயில் பாடற்குழுவுக்குப் போய்விடுவான். எழுபதுகளின் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து பொப் பாட்டு கிளம்பி நாட்டையே ஆட்டிவைத்தபோது அவனுக்கும் தலைகால் புரியவில்லை. காதலுக்கும் கள்ளுக்கும் பொப் பாட்டு இருக்கலாம் என்றால் ஆண்டவருக்கு ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டான். கேள்வியில் பிழையில்லை. கேட்டவன் அதோடு நின்றிருக்கலாம்.

நகரத்தில் ரேடியோக் கடை வைத்திருந்த ஸைனுலாப்தீனுக்கு அவனுடைய பாட்டுகள் பிடித்துப்போயின. தனக்குத் தெரிந்த இசைத்தட்டுக்காரரிடம் அவரே கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். பத்துப் பாட்டு இருந்தால் பெரிய தட்டாகவே போடலாம் என்றார்கள் அங்கே. லூக்காஸிடம் ஒன்பதுதான் இருந்தன. பத்தாவதை அவன் தன் வீட்டிலிருந்தே எடுத்தான்.

அவன் மனைவி மாகிறேற்றின் குடும்பத்துப் பெண்கள்தான் பெரிய வெள்ளியன்று கோயிலில் ஒப்பாரி படிப்பவர்கள். சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் போட்டுக்கொண்டு மாதா அழுவதாக வரும் பாட்டு. அன்றைக்குக் கோயில் மணியைக்கூட அடிக்க மாட்டார்கள், மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். வாத்தியம் எதையும் தொடக் கூடாது. வெறும் தொண்டையில், மூச்சு முடிகிற இடத்தில் வரி முடியும்படி இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். மற்ற நாட்களில் அந்தப் பாட்டு செத்தவீட்டில் மட்டுமே கேட்கும். தாய் இறந்த பிறகு முதற்குரல் மாகிறேற்றுடையதாயிற்று.

"ஒருக்காப் படிச்சுக் காட்டுமன்" என்றான் லூக்காஸ்.

"சும்மா நாளிலை படிக்கக் கூடாதெண்டு அம்மா சொன்னவ."

"தட்டிலை வந்தா உம்மடை அம்மான்ரை பாட்டை இலங்கை முழுக்கக் கேக்கும்."

அந்த வார்த்தையில் அவள் இளகிவிட்டாள். அடுப்பை அணைத்து, குசினிக் கதவைச் சாத்திவிட்டு, தணிந்த குரலில் படித்துக் காட்டினாள். அவன் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டான். தாளம் போடப் போவதாக அவளிடம் சொல்லவில்லை. அப்போதே அந்த எண்ணம் அவனுக்கு இருந்ததா என்றால், இருந்தது.

'எழும்பு லாசரு' என்று தட்டு வெளிவந்தது. உறையில் துறைமுகம், அதன் முன்னால் கித்தாரோடு லூக்காஸ். ஊர் அவனைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டது. வானொலியில் மன்னாரிலிருந்தும் ஹற்றனிலிருந்தும் நேயர்கள் விரும்பிக் கேட்டார்கள். ஸைனுலாப்தீனின் கடை வாசலில் கிண்ணியாவுக்குப் போகிற சனம் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கேட்டது. புதிதாக வந்த இளம் சுவாமியார் பிரசங்கத்திலேயே பாராட்டினார். பழைய பாடற்குழுத் தலைவர் மட்டும், "கோயிலுக்கை பைலா ஆட்டமோ?" என்று கத்திவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். அவருக்குப் பொறாமை என்று எல்லாரும் சொன்னார்கள். லூக்காஸும் சொன்னான்.

ஒன்பது பாட்டுகளைச் சனம் கேட்டது. பத்தாவதைப் பிடித்துக்கொண்டது. இரண்டு வரி மெதுவாகப் போய், பிறகு பொங்கோ மேளம் விழுந்து துள்ளத் தொடங்குகிற பாட்டு. மாகிறேற் அதை முதன்முதல் கேட்டது ஒரு கலியாண வீட்டில். ஒலிபெருக்கியில் மாதா மகனுடைய காயங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அழ, மாப்பிள்ளையின் கூட்டாளிமார் இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் சாப்பிடாமலே வீட்டுக்கு வந்துவிட்டாள். தலையிடி என்றாள். லூக்காஸ் நம்பினான். நம்புவது அவனுக்கு வசதியாக இருந்தது.

அடுத்த பெரிய வெள்ளி வந்தது. கோயில் நிறைந்த சனம். மாகிறேற் கறுப்பு முக்காட்டோடு மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டுத் தொடங்கினாள். முதல் வரி போயிற்று. இரண்டாம் வரியில் பின்வரிசை வாங்கிலிருந்து விரலால் தட்டுகிற சத்தம் கேட்டது. பொங்கோ விழுகிற அதே இடம். பொடியன்கள் வேண்டுமென்று செய்ததாகவும் சொல்ல முடியாது, பாட்டு அவர்களுக்குள் அப்படித்தான் இறங்கியிருந்தது. யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். மாகிறேற் நிறுத்தினாள். சுவாமியார் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த செபத்துக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து லூக்காஸ் சமாதானம் சொல்லப் பார்த்தான். "சனத்துக்குப் பிடிச்சுப்போச்சு, நான் என்ன செய்யிறது?"

"சனத்துக்கோ நான் படிச்சுக் காட்டினனான்?" என்றாள் அவள். "உங்களுக்கெல்லோ படிச்சனான்."

அதற்குப் பிறகு அவள் கோயிலிலும் படிக்கவில்லை, செத்தவீட்டிலும் படிக்கவில்லை. கேட்டு வந்தவர்களிடம் தொண்டை ஏலாது என்றாள். சமைத்தாள், துவைத்தாள், அவனுக்குச் சோறு போட்டாள், குறை ஒன்றும் வைக்கவில்லை. குசினிக்குள் முணுமுணுப்பாகக்கூட ஒரு பாட்டு கேட்கவில்லை. ஒப்பாரிக்குத் துணைக்குரல் கொடுக்க மிஞ்சியிருந்த மாகிறேற்றின் சின்னம்மா, தன் மகளோடு மன்னாருக்குப் போய் அங்கேயே கண்ணை மூடினாள். லூக்காஸுக்கு இரண்டாவது தட்டுப் போட எவரும் முன்வரவில்லை. அவனும் திருநாளுக்குத் திருநாள் மேடையேறிப் பத்தாவது பாட்டையே பாடிக்கொண்டிருந்தான். மற்றதெல்லாம் சனத்துக்கு மறந்துபோயிருந்தது.

எண்பத்தொன்றாம் ஆண்டு நெஞ்சுநோய் வந்து மாகிறேற் இறந்தாள். பகல் முழுதும் வீடு நிறையச் சனம். ஸைனுலாப்தீனும் வந்து லூக்காஸின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். பிரேதம் எடுக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முந்திக் கோயில் இளைஞர்கள் கித்தாரோடும் குலுக்கித் தட்டும் தம்புரீனோடும் வந்தார்கள்.

"லூக்காஸண்ணை, அக்காவுக்காண்டி உங்கடை பாட்டையே படிக்கிறம்" என்றாள் ஒரு பிள்ளை. அவள் கண் கலங்கியிருந்தது. உண்மையான அன்புதான்.

"கித்தார் வேண்டாம் பிள்ளை. பழைய மாதிரிப் படியுங்கோ."

"பழைய மாதிரியெண்டா?"

அவன் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். அவளுக்கு மெய்யாகவே தெரியவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, தானே தொடங்கினான். முதல் வரி சரியாக வந்தது. இரண்டாம் வரியில், மூச்சை விட்டு இழுக்க வேண்டிய இடத்தில், குரல் இழுபடவில்லை, துள்ளியது. நிறுத்தி மறுபடி தொடங்கினான். மறுபடியும் அதே இடத்தில் துள்ளியது. குனிந்து பார்த்தான், அவனுடைய குதிக்கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எப்படி இழுப்பது என்று கேட்கலாம் என்றால், தெரிந்தவள் பெட்டிக்குள் கிடந்தாள்.

அழுகையில்தான் அவனுக்குப் பாட முடியவில்லை என்று இளைஞர்கள் நினைத்தார்கள். பாவம், அவனுக்குக் கஷ்டம் கொடுக்கக் கூடாதென்று, விட்ட இடத்திலிருந்து தாங்களே தம்புரீனோடு எடுத்துப் பாடினார்கள்.