நிற்காமல் சுற்றிய செயின்

வடமதுரையில் டீக்கடை வைத்திருக்கிறேன். மரம் அறுக்கும் பழைய மெஷின்களைக் காயலான் கடையில் வாங்கி, நானே பிரித்துப் பார்த்து ஓட வைப்பது என் பொழுதுபோக்கு. “ஊருல மரம் இருக்கோ இல்லியோ, இவர்ட்ட மெஷின் இருக்கு” என்பாள் என் மனைவி.

போன மாதம் அடித்த காற்றில் சாணார்பட்டியில் என் தங்கை வீட்டு வேப்பமரம் சாய்ந்தது. புதிதாகச் சரிசெய்த மெஷினோடு போய் இறங்கினேன். ஆக்ஸிலேட்டரை விட்டாலே இன்ஜின் நின்றுபோனது.

“என்னண்ணே, மெஷின் டீ குடிக்கப் போயிருச்சா?” என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கோளாறு என்னவென்று பார்க்காமல், திருகாணியைத் திருப்பி இன்ஜின் வேகத்தைக் கூட்டிவிட்டேன். இனி அது நிற்காது. ஆனால் ஆக்ஸிலேட்டரை விட்டாலும் மரத்தை அறுக்கும் பல் செயின் சுற்றிக்கொண்டே இருக்கும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

“குடுங்க மச்சான், நானும் பாக்குறேன்” என்று தங்கை கணவர் வாங்கினார். ஒரு கிளையை அறுத்துவிட்டு, செயின் நின்றுவிட்டதென்று நினைத்து மெஷினைத் தொடையோரம் தாழ்த்தினார். செயின் கைலியைக் கவ்விச் சுருட்டியது. பாய்ந்துபோய் மெஷினை நிறுத்தினேன். நல்லவேளை, தொடையில் ஒரு கீறலோடு போயிற்று.

“கைலியோட வந்தது என் தப்பு மச்சான். மெஷின் அம்புட்டு நல்லா ஓடுது!” என்றார் அவர்.

எனக்குத் தலை நிமிரவில்லை. தங்கை மருந்து போட்டுக்கொண்டிருக்கும்போது இருவரிடமும் உண்மையைச் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்க்கவில்லை. “மிச்ச மரத்துக்கு நாங்க ஆள் வெச்சுக்கிறோம்ணே” என்றாள்.

இப்போதெல்லாம் ஆக்ஸிலேட்டரை விட்டதும் செயின் அசையாமல் நின்றால்தான் மெஷின் என் வீட்டு வாசலைத் தாண்டும். நாலு பேர் முன்னால் இன்ஜின் நின்றுபோனால், “இன்னும் எனக்குச் சரிபண்ணத் தெரியல” என்று சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.