கிளுவை வேலியில் தங்கிய மண்

சரோஜா டீச்சர் இறந்த செய்தி எங்கள் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் நம்பவில்லை. உயிரோடு நடமாடிய தலைமையாசிரியர் ஒருவருக்கு இதே குழுவில் கண்ணீர் அஞ்சலி செலுத்தியவர்கள் நாங்கள். டீச்சரின் மகளுக்கே போன் போட்டேன். "நெசந்தான் சார். காபியக் குடிச்சிட்டு உக்காந்தாக, எந்திரிக்கல" என்றாள். எந்த டாக்டர் பார்த்தார் என்று அப்போதும் கேட்டேன். துருவாமல் எதையும் ஏற்க மாட்டேன். என் குணம் என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கோம்பைப் பக்கம் ஒரே பள்ளியில் நான் கணக்கு, அவர் புவியியல். எங்கள் நிலங்களும் அடுத்தடுத்தவை. மேற்கே என்னுடையது, கிழக்கே அவருடையது. நடுவில் ஓர் எல்லைக்கல்லும், குச்சி ஊன்றினாலே தழைக்கும் கிளுவை முள்செடியில் அவர் வைத்த வேலியும். என் நிலத்தின் மேற்கு ஓரத்திலும் ஆள் உயரக் கிளுவை வேலி இருந்தது. அந்த ஓரத்து முருங்கையில் காய் களவு போயிற்று. வேலி மறைவில் நின்றுதான் பறிக்கிறார்கள் என்று முடிவு கட்டி, ரோட்டிலிருந்தே நிலம் முழுவதும் தெரியட்டும் என வேலியை அடியோடு வெட்டினேன். கடலை பிடுங்கியதும் ஒரு செத்தை இல்லாமல் உழுது போட்டேன். அப்படியே ஆடியும் வந்தது.

இரண்டு ஆடி போனபின் என் நிலத்தில் சரளை பல்லைக் காட்டியது. எல்லைக்கல்லின் அடி வெளியே தெரிந்தது. டீச்சர் வேலியோரமோ முழங்கால் உயரத்துக்குச் செம்மண் மேடு. யாருக்குத்தான் சந்தேகம் வராது? டிராக்டர் வைத்து என் மண்ணை அள்ளிவிட்டார் என்று மனு கொடுத்தேன். சர்வேயர் அளந்து, கல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, டிராக்டர் வந்த தடமும் இல்லை என்றார். அவர் டீச்சர் வீட்டில் டீ குடித்ததை நான் பார்த்திருந்தேன்.

டீச்சர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும், "உங்க மண்ணு எங்கிட்டதான் சார் கெடக்கு. நான் எடுக்கல, அதுவா வந்துச்சு" என்றார். முதல் வாக்கியத்தை மட்டும் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஆடியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு அந்த வரப்புக்கு வந்தார். என்ன செய்யப்போகிறார் என்று உளவு பார்க்க நானும் போனேன். ஒரு கம்பில் கணுக்கால், இடுப்பு, தலை உயரங்களில் விளக்கெண்ணெய் தடவிய வெள்ளைத் தாள்களைக் கட்டி, என் நிலத்தில் ஊன்றச் சொன்னார். என்னிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான். அரை மணி நேரத்தில் கீழ்த்தாள் சிவந்துவிட்டது. நடுத்தாளில் கொஞ்சம், மேல்தாளில் மாவு போன்ற தூசு மட்டும்.

"டீச்சர், மண்ணு தவ்வித் தவ்வி வருது" என்றாள் ஒருத்தி.

"ஆமா. பெருமணல் உருளும், நடுமணல் தவ்வும், பொடிமண்ணு பறந்து ஊரத் தாண்டிரும். சத்தெல்லாம் அந்தப் பொடியிலதான் இருக்கு. காத்து எங்கன தளருதோ அங்கன கையில உள்ளதக் கீழ போட்டுரும். அங்கன மேடு, எடுத்த எடத்துல பள்ளம். பாலைவனத்து மணல்மேடும் இதே வேலைதான்."

"அப்ப சார் நெலத்துல மட்டும் ஏன் எடுக்குது?"

"வேரு, செத்தை, வேலி எதாச்சும் காத்தோட கால இடறணும். ஆடிக்காத்து வர்ற மேக்கு ஓரத்துல வேலி இருந்துச்சு. சார் வெட்டிட்டாக."

அத்தனை பிள்ளைகளும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததைவிட, ஊர் பார்க்க அவமானப்படுத்துகிறார் என்ற எண்ணம் பெரிதாக இருந்தது. பள்ளி விட்டதும் கேட்டேன்: "எனக்குத்தான பாடம் நடத்துனீக?" அவர் மறுக்கவில்லை. "பாதி பிள்ளைகளுக்கு, பாதி உங்களுக்கு" என்றார். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். பிறகு கடலையை விட்டுவிட்டுச் சோளம் போட்டேன், கதிர் அறுத்தபின் தட்டையை வெட்டாமல் விட்டேன், மண் போவது குறைந்தது. 'தப்பு என்னுடையது' என்று மட்டும் சொல்லவில்லை. வேலியைத் திரும்ப வைத்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அதையும் வைக்கவில்லை. இருவரும் ஓய்வு பெற்றோம். ஒரு வரப்பின் இரு பக்கமும் நின்று தலையாட்டிக்கொண்டோம்.

காரியம் முடிந்தபின் மகள் என்னை அந்த வேலிக்கு அழைத்துப் போனாள். செம்மண் மேடு புல் முளைத்து அப்படியே கிடந்தது. "இதுல அம்மா ஏர் வைக்க விடமாட்டாக சார். ஒரு கூடை அள்ளுனதில்ல. சார் மண்ணு, கேட்டா குடுக்கணும்னு சொல்லுவாக" என்றாள். இதிலும் ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்று தேடிப்பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அங்கேயே அழுதேன்.

மண்ணைக் கேட்கவில்லை. அந்த வேலியிலிருந்து கிளுவைக் குச்சிகள் கேட்டேன். நாற்பது குச்சிகளை என் மேற்கு ஓரத்தில் என் கையாலேயே ஊன்றினேன். சரோஜா டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவ்வளவுதான்.

மறுநாள் போய் எண்ணினேன். ஒன்று குறைந்தது. பழைய பழக்கத்தில் சட்டென்று திரும்பி அவர் வரப்பைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.